ஆயுதப்படைக்கு மாற்றினால் போதுமா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி ஒரு மாவுக்கட்டுப் படம் வந்துவிடும். கையில் ஒரு கட்டு, காலில் ஒரு கட்டு, இரண்டு பக்கமும் போலீஸ்காரர்கள், கீழே ஒரு வரிச் செய்தி: தப்பி ஓடும்போது பாலத்திலிருந்து குதித்தார், அல்லது கழிவறையில் வழுக்கி விழுந்தார். படம் வந்த அஞ்சு நிமிஷத்தில் சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டும். "லே, நல்லா குடுத்திருக்காவ" என்று ஒருத்தர். "கோர்ட்டுக்குப் போனா பத்து வருஷம் இழுக்கும், இதுதான் சரி" என்று ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர். குற்றவாளிகள் மட்டும் வழுக்கி விழுகிற மாதிரியா போலீஸ் ஸ்டேஷன் கழிவறைகளைக் கட்டி வைத்திருக்கிறீர்கள் என்று 2025-ல் சென்னை உயர் நீதிமன்றமே கேட்டது. அந்தச் செய்திக்கும் எங்கள் குழுவில் அதே சிரிப்புப் பொம்மைதான் கிடைத்தது.

இதே ஆட்கள்தான் 2020 ஜூனில், போலீஸ் காவலில் அடிபட்டு இறந்த சாத்தான்குளம் தந்தைக்கும் மகனுக்கும் நீதி வேண்டும் என்று முகப்புப் படத்தைக் கறுப்பாக மாற்றியவர்கள். இரண்டும் மனசாரச் செய்ததுதான், நடிப்பு இல்லை. செயின் பறித்தவனை அடித்தால் சந்தோஷம், கடை நடத்துகிறவரை அடித்தால் கோபம். ஆனால் லத்தியைத் தூக்குகிற கைக்கு இவன் திருடன், இவர் வியாபாரி என்று பிரித்துப் பார்க்கிற வழக்கம் கிடையாது. ஸ்டேஷனுக்குள் போன பிறகு யார் எவர் என்று முடிவு பண்ணுவது அன்றைக்கு அங்கே டியூட்டியில் இருப்பவர்தான்.

அது இருக்கட்டும். அடித்தது வெளியே தெரிந்த பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பேப்பரில் தவறாமல் வருகிற அந்த வரியை நீங்களும் பார்த்திருப்பீர்கள்: "சம்பந்தப்பட்ட உதவி ஆய்வாளர் ஆயுதப்படைக்கு மாற்றப்பட்டார்." கொஞ்சம் பெரிய அதிகாரி என்றால் "காத்திருப்போர் பட்டியலுக்கு." இதைத் தண்டனை என்று நினைத்து நாம் பேப்பரை மடித்து வைத்துவிடுகிறோம். ஆயுதப்படை என்பது இன்னொரு வேலையிடம், அவ்வளவுதான். சம்பளம் வரும், சர்வீஸ் ஓடும், சத்தம் அடங்கியதும் வேறொரு ஸ்டேஷன் கிடைக்கும். சஸ்பென்ஷன்கூட விசாரணை முடிகிறவரைக்குமான ஏற்பாடுதான். 2023 மார்ச்சில் அம்பாசமுத்திரத்தில் விசாரணைக்குக் கூட்டிப் போனவர்களின் பல்லைப் பிடுங்கியதாக ஒரு ஐபிஎஸ் அதிகாரி மேலேயே புகார் வந்தது நினைவிருக்கும். சஸ்பெண்ட் செய்தார்கள், உயர்மட்ட விசாரணை வைத்தார்கள், வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. 2024 ஜனவரியில் சஸ்பென்ஷன் ரத்து. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே.

என் அக்கா மகன் கதையைச் சொல்கிறேன், சின்ன விஷயம்தான். ராத்திரி வாகனச் சோதனை. வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தியிருக்கிறான், அதற்குக் கன்னத்தில் ஒரு அறை. ஏன் சார் என்று கேட்டதற்கு இன்னும் இரண்டு. காதில் இரைச்சல் நிற்கவில்லை என்று மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் ஏ.ஆர். புத்தகத்தை, அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டை, எடுத்து எப்படி அடிபட்டது என்று கேட்டார். போலீஸ் அடித்தது என்று சொன்னதும் பேனா நின்றுவிட்டது. "வண்டியிலிருந்து விழுந்ததா எழுதிரட்டா?" என்றார், ரொம்ப அன்பாகத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா "சரி சார்" என்று சொல்லிவிட்டாள். அவள் பயம் அவளுக்கு. வெளியே வந்ததும், "போலீசுகாரன்கிட்ட மல்லுக்கு நிக்கப்பிடாது மக்கா, நாளைக்கு வண்டியில கஞ்சாவ வச்சுப் பிடிச்சிருவாவ" என்றாள். இரண்டு வாரம் கழித்து மனசு கேட்காமல் ஒரு புகார் எழுதிக்கொண்டு போனோம். வாங்கிப் படித்த அதிகாரி கேட்டது ஒரே கேள்வி: "ஏ.ஆர். காப்பியில வண்டியிலிருந்து விழுந்ததாத்தானே இருக்கு?" அதோடு முடிந்தது. அந்த எஸ்.ஐ. பிறகு வேறு ஏதோ விவகாரத்தில் ஆயுதப்படைக்குப் போனார் என்று கேள்விப்பட்டோம், இப்போது இன்னொரு ஸ்டேஷனில் இருக்கிறார்.

அந்த ஏ.ஆர். வரியைத்தான் நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அறைந்தது போலீஸ், ஆனால் அறையே விழவில்லை என்று எழுத்தில் ஆக்கியது ஆஸ்பத்திரியும் நாங்களும் சேர்ந்து.

சாத்தான்குளத்தை இந்தக் கோணத்திலிருந்து ஒரு தடவை பாருங்கள். நாகர்கோவிலிலிருந்து கிளம்பினால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர். 2020 ஜூன் 19 சாயங்காலம் அப்பாவையும் மகனையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போகிறார்கள், ஊரடங்கு நேரம் தாண்டி செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று வழக்கு. ராத்திரி முழுக்க அடி. மறுநாள் அரசு மருத்துவமனையில் சிறைக்குப் போகத் தகுதி என்று சான்று கிடைக்கிறது. மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்கிறார், அவர்களைப் பக்கத்தில் நிறுத்திச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை என்று பிறகு குற்றச்சாட்டு எழுந்தது. கோவில்பட்டி கிளைச் சிறை உள்ளே எடுத்துக்கொள்கிறது. 22-ந் தேதி இரவு மகன் இறந்தார், 23 காலையில் அப்பா. ஸ்டேஷனுக்கும் சாவுக்கும் நடுவில் போலீஸ் அல்லாத மூன்று வாசல்கள் இருந்தன: டாக்டர், மாஜிஸ்திரேட், ஜெயில். மூன்றில் ஒன்று "நில்லுங்க, இந்த ஆளுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டிருந்தாலும் கதை வேறு மாதிரி போயிருக்கும். அன்றைய முதல்வரின் முதல் அறிக்கையில் மூச்சுத்திணறல், உடல்நலக்குறைவு என்றுதான் இருந்தது என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

பிறகு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து எடுத்துக்கொண்டதால்தான் விஷயம் நகர்ந்தது. விசாரிக்கப் போன நீதித்துறை நடுவரிடமே ஸ்டேஷனில் மரியாதையில்லாமல் பேசினார்கள், அதற்குப் பிறகு அந்த ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் பொறுப்பில் கொடுக்க நீதிமன்றம் வழி செய்தது. ஒரு போலீஸ் ஸ்டேஷனில் தடயத்தைப் பாதுகாக்கத் தாசில்தார் போய் உட்கார வேண்டியிருந்தது. சிசிடிவி? கேமரா இருந்தது. ஹார்ட் டிஸ்கில் வேண்டிய அளவு இடமும் இருந்தது. ஆனால் தினமும் தானாக அழிந்துவிடுகிற மாதிரி அமைத்து வைத்திருந்தார்கள், அந்த ராத்திரியின் பதிவு இல்லை. கடைசியில் உண்மையைச் சொன்னது அங்கே டியூட்டியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர். லத்தியிலும் மேசையிலும் ரத்தக்கறை இருந்ததைச் சொன்னார், அதுவும் சக போலீஸ்காரர்கள் வெளியே நின்றுகொண்டிருக்கும்போது. போலீஸ் மேல் எனக்கு மிச்சமிருக்கிற நம்பிக்கையில் பெரும்பங்கு அந்த அம்மாவால் வந்தது.

போலீஸ்காரர்கள் எல்லாரும் ராட்சசர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. என்னோடு படித்தவன் ஒருத்தன் ஏட்டாக இருக்கிறான். திருவிழா, தேர்தல், வி.ஐ.பி. வருகை என்று குழித்துறை வாவுபலி பொருட்காட்சியைக்கூடப் பிள்ளைகளோடு பார்க்க முடியாதவன். 2020 ஜனவரி 8 ராத்திரி களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சனைச் சுட்டுக் கொன்றபோது மாவட்டமே கலங்கியது, அன்றைக்கு இவன் போனில் பேசும்போது குரல் நடுங்கியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அவனிடம் இந்த அடி விவகாரத்தைக் கேட்டால் ஒளிக்காமல் சொல்வான். "நகை போனா எல்லாரும் எங்க மேலதான் ஏறுவாவ. கூட்டத்துல எத்தனை பவுன் ரெக்கவரின்னு கேப்பாவளே தவிர, எப்படி ரெக்கவரின்னு ஒருத்தரும் கேக்க மாட்டாவ." கைரேகை, டவர் லொகேஷன் எல்லாம் வர நாளாகும், நகையைப் பறிகொடுத்தவர் மேலிடத்தில் ஆள் உள்ளவர் என்றால் அதுவரை யாரும் பொறுக்க மாட்டார்கள் என்கிறான்.

2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோயில் காவலாளியாக இருந்த இளைஞர் இறந்ததும் ஒரு நகைப் புகாரில்தான். சீருடை இல்லாத தனிப்படை கூட்டிப் போய் அடித்தது, பிரேதப் பரிசோதனையில் 44 காயங்கள். தூரத்திலிருந்து யாரோ எடுத்த செல்போன் வீடியோ மட்டும் இல்லையென்றால், வலிப்பு வந்து விழுந்தார் என்று ஒரு வரியோடு முடிந்திருக்கும். முதல்வர் அந்தத் தாயிடம் போனில் சாரி சொன்னார், ஐந்து போலீஸ்காரர்கள் கைது, எஸ்.பி. காத்திருப்போர் பட்டியலுக்கு, வழக்கு சிபிஐக்கு. 2020-ல் எதிர்க்கட்சியாக இருந்து கொதித்தவர்கள் 2025-ல் ஆளுங்கட்சி, 2020-ல் சமாளித்தவர்கள் 2025-ல் கொதித்தார்கள். நாற்காலி மாறுகிறது, வசனம் மாறுவதில்லை.

நம்ம மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். 1954 ஆகஸ்ட் 11. நாம் அப்போது திருவிதாங்கூர்-கொச்சி. தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டத்தில், அன்றைக்குத் தொடுவெட்டி என்று சொல்லப்பட்ட மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. ஆட்சியில் இருந்தது பிரஜா சோஷலிஸ்ட் கட்சி, முதல்வர் பட்டம் தாணு பிள்ளை. ஒவ்வொரு ஆகஸ்டிலும் தியாகிகளுக்கு மாலை போடுகிறோம், கட்சிக்காரர்கள் வந்து பேசிவிட்டுப் போகிறார்கள், ஆனால் யாரும் மேடையில் சொல்லாத பாதி ஒன்று உண்டு. அந்தப் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் அகில இந்தியப் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா அப்போது அலகாபாத் பக்கம் நைனி சிறையில் இருந்தார். அங்கேயிருந்து அவர் சொன்னது: சுட்டது நம் அரசு, விசாரணை நடக்க வேண்டும், அமைச்சரவை பதவி விலக வேண்டும். இவ்வளவுக்கும் நாட்டிலேயே அந்தக் கட்சியின் கையில் இருந்த ஒரே ஆட்சி அது. சொந்தக் கட்சிக்காரர்களே அவர் மேல் பாய்ந்தார்கள். பட்டம் தாணு பிள்ளை விலகவில்லை, சண்டை முற்றி லோகியா வெளியேறித் தனிக்கட்சி கண்டார். புதுக்கடையில் சுட்ட குண்டு ஒரு தேசியக் கட்சியைப் பிளந்தது என்று சொன்னால் மிகையில்லை.

லோகியாவின் எல்லா அரசியலோடும் எனக்கு ஒத்துப்போகாது. ஆனால் தன் ஆட்சி சுட்டால் தன் ஆட்சிதான் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு பொதுச் செயலாளர் சொன்னார், அதுவும் நம்ம ஊர் ஆட்களுக்காக. இன்றைக்கு எந்த ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. வாயிலிருந்தாவது இப்படி ஒரு வார்த்தை வருமா? 2018 மே 22 தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் போலீஸ் வரம்பு மீறியது என்று எழுதியே கொடுத்தது. அறிக்கை 2022-ல் சட்டமன்றத்துக்கு வந்தது. அதைப் படித்துவிட்டு எந்த அதிகாரி சிறைக்குப் போனார்?

எண்ணிக்கையும் அதைத்தான் சொல்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2001 முதல் 2020 வரை நாடு முழுக்கப் போலீஸ் காவலில் 1,888 பேர் இறந்திருக்கிறார்கள், தண்டனை பெற்ற போலீஸ்காரர்கள் 26 பேர். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-லேயே கையெழுத்துப் போட்டது, இன்றுவரை அதை உறுதிப்படுத்தவில்லை. அதற்கான மசோதா 2010-ல் மக்களவையைத் தாண்டி மாநிலங்களவையில் படுத்ததுதான், எழுந்திருக்கவே இல்லை.

புகார் சொல்ல இடமே இல்லையா என்றால், காகிதத்தில் இருக்கிறது. 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், போலீஸ் மேல் வரும் புகார்களை விசாரிக்க மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் தனி ஆணையம் வேண்டும், தலைமையில் ஓய்வு பெற்ற நீதிபதி இருக்க வேண்டும் என்றது. தமிழ்நாடு 2013-ல் ஒரு சட்டம் போட்டது. அதில் மாநில ஆணையத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலாளர், மாவட்டத்துக்குக் கலெக்டர், உறுப்பினர்களாகப் போலீஸ் அதிகாரிகள். பாலைக் காவல் காக்கப் பூனையை வைத்த கதை. களியக்காவிளை தாண்டி அந்தப் பக்கம் போனால் கேரளத்தில் மாநில ஆணையத்துக்கு ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி, மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி. நம் மாவட்டத்தில் அப்படி ஒரு ஆணையம் இருப்பதே எத்தனை பேருக்குத் தெரியும்? திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் பட்டாவுக்கு மனு கொடுக்க நிற்கிற கூட்டத்தில் நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள்.

கேரளம் சொர்க்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2005-ல் திருவனந்தபுரம் கோட்டை போலீஸ் ஸ்டேஷனில் உதயகுமார் என்ற தொழிலாளியை இரும்புக் குழாயால் உருட்டிக் கொன்ற வழக்கு இங்கேயும் பேசப்பட்டதுதான். அவருடைய அம்மா ஓயாமல் நடந்து, 2018-ல் சிபிஐ நீதிமன்றம் இரண்டு போலீஸ்காரர்களுக்கு மரண தண்டனை கொடுத்தது. 2025 ஆகஸ்டில் விசாரணையில் ஓட்டைகள் என்று உயர் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. இருபது வருஷம்! ஆனால் அதே 2025 செப்டம்பரில் இன்னொன்றும் நடந்தது. திருச்சூர் மாவட்டம் குன்னங்குளம் ஸ்டேஷனுக்குள் 2023 ஏப்ரலில் இளைஞர் காங்கிரஸ்காரர் ஒருவரைப் போலீஸ்காரர்கள் சுற்றி நின்று அடித்த சிசிடிவிப் பதிவு வெளியே வந்தது. வீடியோ தானாகக் கசியவில்லை. அடி வாங்கியவர் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டார், தர மறுத்தார்கள், விடாமல் மாநிலத் தகவல் ஆணையம் வரை போய் உத்தரவு வாங்கினார். இரண்டு வருஷத்துக்கும் மேல் ஆனது. அதுவரை ஏனோதானோவென்று கிடந்த விவகாரம் வீடியோ வந்ததும் தலைகீழானது, நாலு பேர் சஸ்பெண்ட் ஆனார்கள்.

இதைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. அதிகாரி மேல் நடவடிக்கை எடு என்று நாம் கத்துகிறோம், மாற்றல் உத்தரவைக் காட்டி வாயை அடைத்துவிடுகிறார்கள். பதிவைக் கொடு என்று கேட்டால் அவ்வளவு சுலபமாகத் தட்டிக்கழிக்க முடியாது. கேட்பதற்குச் சட்டத்தில் நிறையவே இடம் இருக்கிறது, அக்காவுக்கு இது தெரிந்திருந்தால் அன்றைக்கு "சரி சார்" சொல்லியிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். கைது செய்தால் குறிப்பாணை எழுத வேண்டும், அதில் குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், கைதானவர் கேட்டால் உடம்பில் இருக்கிற சின்னதும் பெரியதுமான காயங்களைக் குறித்துக் காப்பி கொடுக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 1996 டி.கே. பாசு தீர்ப்பு. கைதான ஆளை அரசு டாக்டர் பரிசோதித்து, அந்த அறிக்கையின் காப்பியை அவரிடமோ அவர் சொல்கிற ஆளிடமோ கொடுக்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53-வது பிரிவே சொல்கிறது. மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தும்போது "அடிச்சாங்க" என்று அந்த ஆள் வாயைத் திறந்து சொன்னால் அது பதிவாக வேண்டும், அதனால்தான் முதல் ரிமாண்டுக்கு ஆளை நேரில் கொண்டுபோக வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். குழித்துறையோ இரணியலோ பத்மநாபபுரமோ, எந்தக் கோர்ட்டாக இருந்தாலும் சரி, அந்த நேரத்தில் ஒரு வக்கீல் பக்கத்தில் நின்றால் பாதிப் பிரச்சினை அங்கேயே வெளிச்சத்துக்கு வந்துவிடும். மனித உரிமை ஆணையத்துக்குப் போவதென்றால் சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சொல்லியாகிவிட்டது, சும்மா அறிவுரை என்று இனி ஒதுக்க முடியாது.

அப்புறம் கேமரா. 2020 டிசம்பர் 2-ந் தேதி உச்ச நீதிமன்றம் பரம்வீர் சிங் சைனி வழக்கில் எல்லா ஸ்டேஷன்களிலும் வாசல், லாக்கப், வராந்தா, இன்ஸ்பெக்டர் அறை என்று எல்லா இடத்திலும் இருட்டிலும் தெரிகிற, சத்தமும் பதிவாகிற கேமரா வேண்டும் என்றது. பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், வசதி இல்லாத இடத்தில் குறைந்தது ஒரு வருஷம். நம் மாவட்டத்தில் இது எப்படி இருக்கிறது என்று ஏட்டு நண்பனிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, "அத எங்கிட்ட கேக்காத, ஏமான்மார்கிட்ட கேளு" என்றான், மேலதிகாரிகளைத்தான் அப்படிச் சொன்னான்.

அதனால் எஸ்.பி. அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், ஒரு ஸ்பீடு போஸ்ட். ஏன், எதற்கு என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஆகவே ஆவணத்தில் இருப்பதை மட்டும் கேட்டிருக்கிறேன்: ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எத்தனை கேமரா, எந்தெந்த இடத்தில், சத்தம் பதிவாகிறதா, இன்றைய தேதியில் சேமிப்பில் இருக்கிற மிகப் பழைய பதிவு எந்தத் தேதியுடையது, கடந்த இரண்டு வருஷத்தில் பழுது என்று எழுதிய நாட்கள் எவை, கலெக்டர் தலைமையிலான அந்தப் புகார் ஆணையம் எத்தனை தடவை கூடியது. பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள். வராவிட்டால் மேல்முறையீடு, அதற்கும் மேல் தகவல் ஆணையம். என்ன வந்தாலும், ஒன்றுமே வராவிட்டாலும், அதை இங்கேயே போடுகிறேன். விளவங்கோடு, கல்குளம் பக்கம் யாராவது தங்கள் ஊர் ஸ்டேஷனுக்கு மட்டும் தனியாகக் கேட்க நினைத்தால் சொல்லுங்கள், மனுவின் மாதிரியை அனுப்பி வைக்கிறேன்.